பதினோராவது ஆள்

மனிதன் தனக்கு வரவிருக்கும் நன்மையைக் குறித்து ஆரூடம் கூறுவதைக் காட்டிலும், வரவிருக்கும் தீமையைக் குறித்து ஆரூடம் கூறுவதிலேயே மிகுந்த உற்சாகமுடையவன் என்பதற்குச் சான்று தேடுபவர்கள் சாத்திரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், வெயில் சற்றே தாழ்ந்து, சோளகக் காற்று மணலை வாரித் தூற்றிக்கொண்டிருக்கும் வேளையில், மன்னார்த் தீவின் ஏதாவதோர் உதைபந்தாட்ட மைதானத்தின் ஓரத்திற் போய் நின்றாற் போதும். எதிரணியினர் வரிசையாக இறங்குகின்றனர். முன்னால் வருபவன் மாவட்டமெங்கும் பெயர் பெற்ற ஆட்டக்காரன். அவனை எவரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. கூட்டத்தில் நிற்கும் முதியவரொருவரின் பார்வை, வரிசையின் கடைசியில், தொளதொளத்த சட்டையுடன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை முடிந்துகொண்டிருக்கும் ஓர் இளைஞன்மீது சென்று தங்குகிறது. அவன் பெயர் அவருக்குத் தெரியாது. அவன் எந்த இடத்தில் நின்று விளையாடுபவன் என்பதும் தெரியாது. "இண்டைக்கு எங்களுக்குக் கோல் அடிக்கப் போறவன் உவன்தான்" என்று அவர் தீர்ப்புரைக்கிறார். அருகில் நிற்கும் பெறாமகன், "சும்மா இருங்கோ பெரியப்பா, உங்கட நாக்குப் பொல்லாத நாக்கு" என்று பதறுகிறான்.

முதியவர் பேசியது விளையாட்டாக இருக்கலாம். பெறாமகனின் பதற்றம் விளையாட்டன்று. நடக்கப்போவது முன்னரே நிச்சயிக்கப்பட்டது, அதைக் கண்டறிந்து கூற இயலும் என்பது ஒருவருடைய நம்பிக்கை. நிச்சயிக்கப்படாததையும் சொல்லானது நிச்சயித்துவிடக் கூடும் என்பது மற்றவனுடைய அச்சம். ஊழ், முன்னறிவு, வாக்குப் பலிதம் என்னும் மூன்றையும் பற்றிப் பண்டிதர்கள் ஆயிரமாண்டுகளாக நிகழ்த்திவந்த வாதம் இங்கே இரண்டு வாக்கியங்களில் முடிந்துபோகிறது. நடுவர் ஊதுகிறார், பந்து உருள்கிறது.

இவ்வழக்கம் மன்னாருக்கு மாத்திரம் உரியதெனக் கூறினால் உலகம் நகைக்கும். உதைபந்தாட்டம் உள்ள தேசமெங்கணும் இது உண்டு. ஆயினும் மன்னாரில் இதற்கொரு சமயச் சாயல் ஏறியிருப்பதற்குக் காரணம் வெளிப்படை. இங்கே ஊர் என்பது கோவிலைச் சுற்றி அமைந்தது. பள்ளிமுனைக்குப் புனித லூசியா, வங்காலைக்குப் புனித ஆனாள், பேசாலைக்கு வெற்றி நாயகி, தாழ்வுபாட்டுக்குப் புனித சூசையப்பர் என்று ஊருக்கொரு பாதுகாவலர் இருக்க, அவ்வூர் இளைஞர்களின் விளையாட்டுக் கழகமும் பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயரையே தரித்துக்கொள்கிறது. ஆதலால், இரண்டு கழகங்கள் மோதும்போது, பெயரளவிலேனும் இரண்டு புனிதர்கள் எதிரெதிரே நிற்கின்றனர். எருக்கலம்பிட்டி போன்ற முஸ்லிம் ஊரொன்றின் அணியுடன் ஆட்டம் நிகழுமாயின் விவகாரம் இன்னும் நுட்பமாகிறது. ஒரே ஈசுவரனை இரண்டு மொழிகளில் வேண்டி, இரண்டு விதமான முடிவை எதிர்பார்க்கும் சனங்கள் ஒரே கயிற்றின் இருபுறமும் நிற்கின்றனர். இத்தகைய சூழலில் தோல்வி என்பது வெறும் தோல்வியாக இருக்க இயலாது. அதற்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அந்த விளக்கத்துக்கு ஒரு முகமும் தேவைப்படுகிறது.

ஆனால் ஏன் அறியாத முகம்? எதிரணியின் கீர்த்தி பெற்ற வீரன் அடித்தால் அதிற் புதுமையில்லை. அவன் அடிப்பான் என்பதற்காகவே அவனுக்குக் கீர்த்தி வந்தது. காரணமும் காரியமும் பொருந்தி நிற்கின்றன. மனம் சங்கடப்பட்டாலும் புத்தி சாந்தியடைகிறது. அறியாதவன் அடித்தாலோ காரியம் மாத்திரம் நிற்கிறது, காரணத்தைக் காணோம். மனிதர்கள் துன்பத்துக்கு அஞ்சுவதைவிட ஹேது இல்லாத துன்பத்துக்கே அதிகம் அஞ்சுகிறார்கள். ஆகையால், அந்த முதியவர் செய்தது என்னவென்றால், காரணமற்று வரக்கூடிய ஒன்றுக்கு முன்கூட்டியே தம்மையே காரணமாக்கிக் கொண்டதுதான்: "நான் கண்டுகொண்டேன்" என்பதே அவர் அதற்கு ஏற்படுத்திய ஹேது.

அவருடைய அச்சம் ஆதாரமற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. 1950ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி, பிரேசில் தேசத்துப் பெலோ ஒரிசோன்ற் நகரத்தில், உலகக் கிண்ணப் போட்டியிலே இங்கிலாந்து அணியை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அணி 1-0 எனத் தோற்கடித்தது. உதைபந்தாட்டத்தின் தாயகம் தானே என்று கருதியிருந்த தேசம் அது. அமெரிக்க அணியினரோ வேறு தொழில் செய்து வயிறு வளர்த்துக்கொண்டு ஓய்வு நேரத்திற் பந்தடித்தவர்கள். அந்த ஒரே கோலைத் தலையால் தட்டிவிட்டவன் ஜோ கெய்ற்ஜென்ஸ் என்னும் ஹெயிற்றி நாட்டு வாலிபன். கணக்கியல் கற்பதற்காக நியூயோர்க் சென்று, அங்கே ஓர் உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவிப் பிழைத்தவன். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1966 ஜூலை 19ஆம் திகதி, இங்கிலாந்தின் மிடில்ஸ்புரோ நகரில், வடகொரியாவின் பாக் டூ-இக் என்பவன் அடித்த ஒரு கோலால் இத்தாலி வெளியேற்றப்பட்டது; தாயகம் திரும்பிய இத்தாலிய வீரர்களைச் சனங்கள் தக்காளிப் பழங்களால் வரவேற்றனர். தக்காளி எறிந்தவர்களுள் ஒருவருக்கேனும் ஆட்டத்துக்கு முதல்நாள் பாக் டூ-இக் என்னும் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. இவ்வாறு எங்கிருந்தோ வந்து அடித்துவிட்டுப் போனவர்கள் ஒவ்வொரு தேசத்தின் ஞாபகத்திலும் இருக்கிறார்கள். அந்த ஞாபகந்தான் முதியவரின் நாவிற் பேசுகிறது.

எனினும் இதனை அறிவு என்று ஒப்புக்கொள்ளலாமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தருக்க நூலார் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டு நெடுங்காலத்துக்கு முன்னரே ஆராய்ந்து வைத்துவிட்டார்கள். பனைகள் நிறைந்த இத்தீவில் அதனை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. நூறு ஆட்டங்களில் நூறு பேரைச் சுட்டிய வாய், அவர்களுள் ஒருவன் அடித்ததை மாத்திரம் ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருக்கிறது. மேலோஸ் தீவினனாகிய தியாகோரஸ் என்னும் கிரேக்க நாத்திகனைப் பற்றி உரோமானிய ஞானி சிசெரோ எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. கடற்புயலிலிருந்து தப்பியவர்கள் நேர்த்தியாகக் கோவிலில் மாட்டிவைத்த சித்திரங்களை ஒரு நண்பன் காட்டி, "தெய்வங்கள் மனிதரைக் கவனிக்கின்றன என்பதை இனியாவது நம்புவாயா" என்ற பொருளில் வினவ, அவன், வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் சித்திரங்கள் எந்தச் சுவரில் இருக்கின்றன என்று கேட்டானாம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் எங்கள் கரையோரத்தில் அந்தக் கேள்வியை நாத்திகனுடையது என்று ஒதுக்கித் தள்ளுவது கடினம். பக்தியுள்ளவர்களும் இரவில் அதைக் கேட்டுக்கொள்கிறார்கள். பகலில் வெளியிற் சொல்வதில்லை.

பெறாமகனின் அச்சத்துக்கு, அதாவது முன்னரே சொல்லிவிட்டால் நடந்தே தீருமோ என்பதற்கு, மறுமொழி வேறிடத்திலிருந்து கிடைக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த போயேத்தியுஸ் என்னும் உரோமானியர், ஈசுவரனின் முன்னறிவுக்கும் மனிதனின் சுயேச்சைக்கும் உள்ள பிணக்கைத் தீர்க்க முயன்றபோது, தேரோட்டப் பந்தயத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். சாரதி குதிரைகளைத் திருப்புவதை நாம் காண்கிறோம். நாம் காண்பதனால் அவன் திருப்பவேண்டிய நிர்ப்பந்தம் உண்டாவதில்லை. அவ்வாறே காலமனைத்தையும் ஒரே பார்வையில் அடக்கும் இறைவனின் காட்சியும் எவனையும் கட்டிப்போடுவதில்லை என்பது அவருடைய தீர்மானம். தத்துவத்தின் மிகக் கடினமான முடிச்சொன்றை அவிழ்ப்பதற்கு விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு பார்வையாளனே உதவினான் என்பதில் எனக்கு ஓர் இரகசியத் திருப்தி உண்டு. இதனைக் கூறினாலும் பெறாமகன் சமாதானமடைய மாட்டான். ஏனெனில் அவன் பயப்படுவது பார்வைக்கன்று, நாவுக்கு. நாவூறு, கண்ணூறு என்று எம்மவர் கூறும் விஷயம் தருக்கத்துக்குள் அடங்குவதில்லை.

நாவுக்குச் சக்தி உண்டென்னும் நம்பிக்கை மன்னார்க் கடலில் ஒரு காலத்தில் அரசாங்க உத்தியோகமாகவே இருந்தது என்பதை இக்காலத்தவர் பலர் மறந்துவிட்டனர். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களுக்கு எதிரேயுள்ள பார்களில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுறாக்களின் வாயைக் கட்டும் மந்திரவாதி வந்து சேராமல் ஒரு தோணியும் புறப்படாது; ஒரு குளியாளும் கல்லைக் கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கமாட்டான். கடல்கட்டி என்று பெயர் பெற்ற அந்த மனிதருக்கு வேதனமும் பங்கும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைக் குறித்து எழுதிய மார்க்கோ போலோ, கிடைத்த முத்துகளில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போனதாகவும், பகலில் மந்திரத்தைக் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவார்கள் என்றும் கூறுகிறார். அவிழ்ப்பதற்குக் காரணம் கள்ளக் குளிப்பைத் தடுப்பதுதான்: இரவில் இறங்கும் திருடனைச் சுறா பார்த்துக்கொள்ளும். மந்திரத்தில் இத்தனை நிருவாக ஒழுங்கு இருந்ததை எண்ணும்போது, பிற்காலத்துத் திணைக்களங்கள் சிலவற்றின்மீது மதிப்புக் குறைகிறது.

இன்னும் சுவையானதொன்றை, 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட தமது நூலிற் பதிவு செய்திருக்கிறார். அக்காலத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஓர் உரோமன் கத்தோலிக்கர். மந்திரத்தின் வலிமை பரம்பரையாக வருவதேயன்றி ஓதுபவரின் சமயத்தைப் பொறுத்ததன்று என்பது சனங்களின் துணிபு. டெனன்ட் சென்றவேளையில் அவர் நோயுற்றிருந்தபடியால் பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். அந்தப் பதிலாளோ, தமக்கு மந்திர இரகசியம் ஒன்றும் தெரியாதென்றும், ஆயினும் உரியவரின் பிரதிநிதியாகத் தாம் வந்திருப்பதைச் சுறாக்கள் அறிந்து மரியாதை செய்யும் என்றும் உறுதி கூறினாராம்.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆயினும் அந்தப் பதிலாளின் கூற்றில், மைதானத்து முதியவரின் மனநிலையை விளங்கிக்கொள்ளத் திறவுகோல் இருப்பதாக நான் கருதுகிறேன். மந்திரம் தெரியாது, வரப்போவதும் தெரியாது, ஆனால் அபாயத்தின் முன்னால் ஒருவர் நின்று அதன் பெயரை அறிந்தவர்போல நடந்துகொண்டால், அபாயம் சற்றே நாணிப் பின்வாங்கும் என்பது ஓர் ஆதிகால நம்பிக்கை. "உவன்தான் அடிப்பான்" என்று முதியவர் உரக்கச் சொல்வது, உண்மையில் அவன் அடிக்கக்கூடாது என்பதற்காகவே. எதிர்பார்த்தது நடவாது, எதிர்பாராததே நடக்கும் என்று வாழ்க்கை கற்பித்திருக்கிறபடியால், தீமையை எதிர்பார்த்துவிட்டால் அது நடவாமற் போகுமென்று கணக்குப் பார்க்கிறார். ஆகவே அவருடைய ஆரூடம் தலைகீழாக நிற்கும் ஒரு பிரார்த்தனை. பெறாமகனுக்கு இது விளங்கவில்லை, பலிக்குமென்று அஞ்சுகிறான். முதியவரோ பலிக்காமற் போகவேண்டுமென்றே பலமாகச் சொல்கிறார்.

இத்தகைய பிரார்த்தனையைச் சமயங்கள் அங்கீகரிக்குமா என்றால், பொதுவாக அங்கீகரிப்பதில்லை. குறிகேட்பதையும் சகுனம் பார்ப்பதையும் விவிலியத்தின் இணைச்சட்ட நூல் கடுமையாக விலக்குகிறது. நாளைக்கு இதைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவன் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும்படி திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. புனித யாக்கோபின் திருமுகமும் ஏறக்குறைய அதே மரியாதையைக் கற்பிக்கிறது. எருக்கலம்பிட்டியில் "இன்ஷா அல்லாஹ்" என்றும், கடலுக்கு அப்பால் வங்காலையில் "கடவுள் சித்தமானால்" என்றும் பேச்சின் நடுவே விழும் சொற்கள் ஒரே பணிவின் இரண்டு உருவங்கள். ஆனால் கவனித்தவர்கள் அறிவர்: நல்லதைச் சொல்லும்போதுதான் சனங்கள் இச்சொற்களைச் சேர்க்கிறார்கள். "இறைவன் நாடினால் வெல்லுவோம்" என்பார்கள். "இறைவன் நாடினால் தோற்போம்" என்று எவரும் கூறக் கேட்டதில்லை. தீமையை முன்னுரைக்கும்போது நிபந்தனை எதுவும் இல்லை. அங்கே மனிதன் தானே சர்வஞ்ஞன். பார்வைக்குப் பணிவுபோலத் தோன்றும் இந்த அவநம்பிக்கைக்குள் நுண்ணியதோர் அகம்பாவம் ஒளிந்திருக்கிறது. அது இறைவனை நம்பாததனால் வருவதன்று. அவர் தன்னை ஏமாற்றக்கூடும் என்று எண்ணி முன்னெச்சரிக்கையாக இருப்பதனால் வருவது. கைம்மாறு எதிர்பார்ப்பவனைவிட, ஏமாற்றத்துக்கு முன்பணம் கட்டிவைப்பவனே அருளிலிருந்து தொலைவில் நிற்கிறான் என்பது என் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இனி, அந்த அறியாத இளைஞனிடம் வருவோம். அவன் யாருக்கு அறியாதவன்? அவனுடைய ஊரில் அவனை நாய்க்குட்டிக்கும் தெரியும். கரைவலை இழுக்கும்போது அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதும், அவன் தாய் எந்தப் புனிதருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள் என்பதும் அங்கே யாவரும் அறிந்தவை. அறியாமை எங்கள் கண்ணிலிருக்க, அதனை அவன் முகத்திற் பூசிவிட்டு, அவன் மர்மமானவன் என்கிறோம். மன்னாரில் இந்த அறியாமைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. மண்டபம் அகதி முகாமிலே பிறந்து வளர்ந்து இராமேசுவரத்துப் பேச்சோடு திரும்பிவந்த பிள்ளைகள், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்குப் புத்தளத்திலே பிறந்து பின்னர் தந்தையரின் ஊருக்கு வந்த பிள்ளைகள், வன்னியிற் பல ஊர் மாறி இடம்பெயர்ந்து எஞ்சியவர்கள்: ஒரு தலைமுறை முழுவதுமே ஒருவருக்கொருவர் முகமறியாமல் வளர்ந்தது. பக்கத்து ஊர்ப் பெடியன் யாருடைய மகன் என்று ஒருவர் கேட்கவேண்டியிருந்தால், அதற்குப் பொறுப்பு அந்தப் பெடியனுடையதன்று.

பார்வையைத் திருப்பிப் போட்டாலும் இதுவே தோன்றும். இலங்கைத் தேசிய அணியில் விளையாடி, மாலைதீவுக் கழகமொன்றில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் 2022 பெப்ரவரியில் அங்கேயே மறைந்த டக்சன் பியூஸ்லஸ் மன்னாரின் மைந்தன். வேற்று நாட்டு மைதானத்தில் அவர் முதன்முதலாக இறங்கிய நாளில், அங்கு நின்ற யாரோ ஒரு முதியவர் தம் மொழியில் "இவன் யாரோ தெரியவில்லை, இவனால்தான் நமக்கு ஆபத்து" என்று சொல்லியிருக்கக் கூடும். மன்னார் அவருக்காக அழுதபோது எவருக்கும் அவர் யாரோ ஒருவராக இருக்கவில்லை. முன்னே கூறிய கெய்ற்ஜென்ஸின் கதியும் ஈண்டு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தின் உதைபந்தாட்ட அபிமானிகள் மறக்க முடியாத அந்தப் பெயரை, அவன் பிறந்த ஹெயிற்றியின் சர்வாதிகார அரசு 1964இல் கைதுசெய்து அழித்துவிட்டது. அவனுடைய உடலும் கிடைக்கவில்லை. எதிரிகள் நினைவில் வைத்திருந்தவனைச் சொந்த நாட்டின் ஆட்சி இல்லாமற் செய்தது.

பெயர் தெரியாதவர்களை மதிக்கும் விஷயத்தில் மன்னார் மற்ற ஊர்களைவிட முன்னே நிற்கவேண்டிய ஊர். 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் இத்தீவிற் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய அறுநூறு பேர் என்பது மரபு; இவ்வூர்க் கத்தோலிக்கர் இன்றும் அவர்களை மறைசாட்சிகளாக நினைந்து வேண்டுகின்றனர்; பெரும்பாலோரின் பெயரை எவரும் அறியார். பெயரில்லாதவர்களிடத்தில் தமக்காகப் பரிந்துபேசும்படி வேண்டுகின்ற சனங்கள், பெயர் தெரியாத ஒருவன் எதிரணியில் நின்றாலோ அஞ்சுகின்றனர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்று தோன்றுகிறது. அறிந்தவனின் ஆற்றலுக்கு ஓர் அளவு உண்டு; அறியாதவன் வழியாக எதுவும் வரலாம், கிருபையும் வரலாம், கோலும் வரலாம்.

இங்கேதான் விளையாட்டு முடிந்து வேதாந்தம் தொடங்குகிறது. அருள் என்பது எதிர்பாராத இடத்தில் இறங்குவது என்று எல்லாச் சமயங்களும் மகிழ்ச்சியோடு கூறுகின்றன. அந்த எதிர்பாராத இடம் எதிரணியாக இருந்தால் என்ன செய்வது என்பதை மாத்திரம் அவை மெல்லச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. தாவீதின் கதையை ஞாயிறு மறைக்கல்வியிற் கற்ற பிள்ளைகள் அனைவரும் தாவீதின் பக்கமே நின்று கற்றவர்கள். ஏலாப் பள்ளத்தாக்கின் மறுபக்கக் குன்றில், பெலிஸ்தியரின் கூட்டத்தில் நின்று அதை ஒருமுறை பார்க்கவேண்டும். இஸ்ரயேலரின் கீர்த்தி பெற்ற ஆள் சவுல். மற்றெல்லாரைக் காட்டிலும் தோளுயரம் மேலானவன். அவன் இறங்கினால் அதிற் புதுமையில்லை. இறங்கியவனோ அண்ணன்மாருக்கு வறுத்த தானியமும் அப்பமும் கொண்டுவந்த இடைப்பையன். சாமுவேல் இறைவாக்கினர் வீடு தேடி வந்த நாளிலே, தந்தை ஈசாய் கூட அவனை எண்ணிக்கையிற் சேர்க்க நினையாமல் ஆட்டு மந்தையோடு விட்டிருந்தார். போர்க்களத்தில் மூத்த அண்ணன் அவனை அதட்டி விரட்டப் பார்த்தான். மாட்டிய கவசம் பொருந்தாமற் கழற்றி வைத்துவிட்டு வந்தவன். பெலிஸ்தியர் குன்றிலே நின்றவர்களுள் யாராவது ஒரு முதியவர், "உந்தப் பெடியனைப் பார்த்தால் எனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொல்லியிருந்தாரா என்று வேதம் கூறவில்லை. சொல்லியிருந்தால், அன்று அந்தப் பள்ளத்தாக்கில் இறைவனின் வழியை ஓரளவேனும் உணர்ந்த பெலிஸ்தியர் அவர் ஒருவரே.

சைவர்களுக்கு இதனினும் நுட்பமான கதையொன்று உண்டு. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் நீராடித் தொழுபவர்கள் யாவரும் அறிந்த கண்ணப்பர் சரிதத்தை, கண்ணப்பரை விட்டுச் சிவகோசரியாரின் இடத்தில் நின்று பார்த்தால் அதன் முழு வேகமும் தெரியும். ஆகமம் பிசகாமல் நித்திய பூசை செய்துவந்த அந்தணர் அவர். காளத்தி மலையில் ஒவ்வொரு நாளும் வந்து பார்க்கும்போது இறைச்சியும் எச்சில் நீரும் சந்நிதியிற் கிடக்கின்றன. யார் செய்தது என்று தெரியவில்லை. முகம் தெரியாத எதிரி அவருடைய ஆயுட்காலத் தவத்தைத் தினந்தோறும் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான். அவர் முறையிட்டபோது இறைவன் எதிரியை விலக்கவில்லை. கனவிலே தோன்றி, மறைந்திருந்து பார் என்றார். பக்தரைப் பார்வையாளராக்கினார். ஆறாம் நாளில், வேடன் தன் கண்ணை அம்பினாற் பெயர்த்து வைப்பதையும், மறு கண்ணுக்கு அம்பை எடுப்பதையும், கை நீண்டு தடுப்பதையும் மறைவில் நின்று கண்டவர் அவர். அந்தக் காட்சி அவருடைய தோல்வி. அதுவே அவருக்குக் கிடைத்த பேறும். அடுத்தவனுக்கு இறங்கும் அருளைக் கண்ணாற் காணப்பெறுவது அருளின் ஒரு வகையே என்று சேக்கிழார் வெளிப்படையாகச் சொல்லவில்லையாயினும், சிவகோசரியாரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதன் நோக்கம் வேறாக இருக்க முடியாது.

முதியவர் சுட்டிய இளைஞன் அன்று உண்மையாகவே கோல் அடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் முதியவரின் முகத்தை உற்றுநோக்குகிறவர்கள் விசித்திரமான ஒன்றைக் காண்பார்கள். துக்கம் வருமுன்னர், ஒரு நொடிக்கும் குறைவான நேரம், அங்கே ஆனந்தம் தெரியும். "சொன்னேனே!" என்று அவர் திரும்புகிறார். தம் அணி வெல்வதைவிடத் தம் வாக்கு வெல்வதே அவருக்கு அப்போது பெரிதாயிற்று. எதிரணியின் இளைஞன் மண்ணில் முழந்தாளிட்டுச் சிலுவை வரைந்துகொள்வதையோ, அவன் தாய் கயிற்றுக்கு அப்பால் முந்தானையால் முகத்தைத் துடைப்பதையோ அவர் காணவில்லை. பலித்தமையால் வந்த கேடு இது. பலிக்காத நாட்களிலோ வேறொரு மனக்குறை. அணி வென்றிருக்கும், ஆனால் தாம் அத்தனை உறுதியாகச் சொன்னது பிழைத்துப்போயிற்றே என்று ஒரு சிறு முள் உறுத்திக்கொண்டிருக்கும்.

இந்த முள்ளின் தன்மையை யோனா இறைவாக்கினரைப்போல் அறிந்தவர் எவருமில்லை. நினிவே நகரம் நாற்பது நாளில் அழியும் என்று அவர் தெருத்தெருவாய்ச் சென்று உரைத்தார், நகரத்தார் மனந்திரும்பினர், நகரம் அழியவில்லை. எந்த முன்னுரையும் அடையக்கூடிய வெற்றியுள் தலையாய வெற்றி அது. யோனாவோ கோபங்கொண்டு, சாகும்வரை விசனமடைந்து, நகரத்துக்குக் கிழக்கே போய் ஒரு பந்தலைப் போட்டுக்கொண்டு, இன்னும் என்ன நடக்கிறது பார்ப்போம் என்று அதன் நிழலில் உட்கார்ந்தார். வேத புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக வரையப்பட்ட பார்வையாளன் வேறொருவர் இல்லை. பந்தலும் நிழலும் எதிரணி தோற்கவேண்டும் என்னும் ஏக்கமும் அவரிடம் இருந்தன. அவருக்காக இறைவன் ஓர் ஆமணக்கை ஒரே இரவில் முளைப்பித்து, மறுநாள் புழுவொன்றால் அதனை வாடச் செய்தார். செடிக்காக யோனா பரிதபித்தார். நீ பாடுபட்டு வளர்க்காத ஒரு செடிக்கு இரங்குகிறாயே, வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000க்கும் அதிகமான பேர் வாழும் அந்தப் பெரிய நகரத்துக்கு, அங்குள்ள மாடுகளையும் சேர்த்து, நான் இரங்கக்கூடாதா என்று இறைவன் அவரைக் கேட்டார். நூல் அக்கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன மறுமொழி கூறினார் என்பதை எழுதியவர் எழுதவில்லை.